இம்ப்ரொவைசேஷன் என்பது மனம்போன போக்கு அல்ல

ஜாஸ் இசையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் வரும். ஒன்று, "அவங்களுக்கென்ன, மனசுல தோணினதை வாசிப்பாங்க." இன்னொன்று, "இதுல என்ன வித்தை இருக்கு? ரெண்டு சுரத்தையே திருப்பித் திருப்பி ஊதிக்கிட்டு இருக்காரு." நல்ல இசை ரசிகர்களே இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நமக்குப் பழக்கமான மெல்லிசை மேடையில், பாட்டு ரெக்கார்டில் எப்படி இருந்ததோ அப்படியே வந்தால்தான் கைத்தட்டல். புல்லாங்குழல்காரர் இடையிசையில் ஒரு சுரத்தை மாற்றினால்கூட முன்வரிசையில் இருப்பவர் முகம் மாறிவிடும். அந்தச் சுரங்களை ஏற்கெனவே ஒரு இசையமைப்பாளர் யோசித்து எழுதிவிட்டார். அதைப் பிசகாமல் தருவதுதான் வாசிப்பவரின் வேலை. இந்தப் பழக்கத்தோடு போய் ஒரு ஜாஸ் குழுவின் முன்னால் உட்கார்ந்தால், "எழுதாமல் வாசிக்கிறார்கள் என்றால், எதை வேண்டுமானாலும் வாசிக்கலாமா?" என்று கேட்கத் தோன்றுவது இயல்புதான்.

வாசிக்க முடியாது. ஏன் முடியாது, அப்புறம் எப்படி ஆறு பேர் ஒரே நேரத்தில் புதிதாக ஒன்றை வாசித்தும் அது சிதறாமல் நிற்கிறது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம். இசை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டாம். விரலால் நான்கு வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு வெண்பா

கேட்ட மாத்திரத்தில் பாட்டுக் கட்டுபவரை ஆசுகவி என்போம். 15ஆம் நூற்றாண்டின் காளமேகப் புலவர் பெயரில் வழங்கும் ஒரு கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடிகிற மாதிரி முருகனைப் பற்றி ஒரு வெண்பா பாடச் சொன்னார்களாம். அவர் 'செருப்புக்கு' என்பதை 'செரு புக்கு' என்று பிரித்தார். செரு என்றால் போர், புக்கு என்றால் புகுந்து. போரில் புகுந்து எதிரிகளை உழக்கும் வேலனில் தொடங்கி, தாமரையில் உட்கார்ந்திருக்கும் வண்டைப் பார்த்து 'எனக்கு விளக்கிச் சொல்' என்று கேட்கிற பொருளில் 'விளக்குமாறு' கொண்டுவந்து முடித்துவிட்டார்.

இதில் எது அந்த நொடியில் பிறந்தது, எது முன்பே இருந்தது? வெண்பா முன்பே இருந்தது. நான்கு நான்கு சீராக வரும் அடிகள், மூன்று சீரில் நிற்கும் ஈற்றடி, வெண்டளை தவிர வேறு தளை வரக்கூடாது என்ற கண்டிப்பு, எல்லாம் அவருக்கு மூச்சு விடுகிற மாதிரிப் பழகியிருந்தது. 'செரு' என்ற சொல் நினைவில் தயாராக இருந்தது. முருகனுக்கும் வள்ளிக்குமான கதை கேட்டவர்களுக்கும் தெரிந்திருந்தது. புதிதாகப் பிறந்தது அந்தச் சேர்க்கை மட்டும்தான். ஆனால் அந்தச் சேர்க்கைதான் பாட்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். தொடக்கமும் முடிவும் கட்டிவைக்கப்பட்டிருந்தது அவருக்குத் தடையாக மட்டும் இருக்கவில்லை. 'செருப்பு' என்று தொடங்கியே தீர வேண்டும் என்ற நெருக்கடி இல்லாவிட்டால் அந்தப் பிரிப்பு அவருக்குத் தோன்றியே இருக்காது. "எதைப் பற்றி வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் பாடுங்கள்" என்று ஒருவரிடம் மைக்கைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மௌனம்தான் வரும்.

இசையில் இதற்குப் பெயர் இம்ப்ரொவைசேஷன். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு சட்டகத்துக்குள், வாசித்துக்கொண்டிருக்கும்போதே புதிய இசையை உண்டாக்குவது என்று பொருள். கர்நாடகக் கச்சேரியில் மனோதர்மம் என்று சொல்கிறோமே, அதன் உறவுக்காரர். ராகமும் தாளமும் முன்பே முடிவானவை. அந்த மாலையில் பிறப்பது நிரவலும் கற்பனை ஸ்வரமும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: உடனடியாகப் பிறப்பது என்றால் ஒன்றுமில்லாததிலிருந்து பிறப்பது அல்ல. பழகிய ஒரு வடிவம் கீழே இருக்கிறது. அடுத்து, ஜாஸ் குழுவுக்கு அந்த வடிவம் எது என்று பார்ப்போம்.

பன்னிரண்டு பாரில் ஒரு ஊர்வலம்

ஜாஸ் இசைக்காரர்கள் நேரத்தைப் 'பார்' கணக்கில் அளப்பார்கள். ஒரு பார் என்பது பெரும்பாலும் நான்கு தட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி முடித்தால் ஒரு பார் முடிந்தது. ஆதி தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு எளிது: எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு ஆவர்த்தனத்தில் இரண்டு பார் அடங்கும்.

அடுத்து 'கார்டு'. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவது கார்டு. ஒரு கார்டு ஒலிக்கும்போது அதற்கு மேல் வாசிக்கும் சில சுரங்கள் ஒட்டும், சில உறுத்தும். கார்டு மாறினால் ஒட்டுகிற சுரங்களும் மாறும்.

இந்த இரண்டையும் வைத்து உருவான மிகப் பழைய சட்டகம் பன்னிரண்டு பார் ப்ளூஸ். இதில் மூன்றே கார்டுகள் போதும். ஒரு தெருவில் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு பார் சொந்த வீட்டில். அடுத்த இரண்டு பார் பக்கத்துத் தெருவுக்குப் போய் வருகிறோம். மறுபடி இரண்டு பார் வீட்டில். அதன்பின் இரண்டு பார், ஊர் எல்லைவரை போய்த் திரும்பும் வழி. இங்கேதான் மனம் தவிக்கும், வீடு திரும்ப வேண்டும் போல இருக்கும். கடைசி இரண்டு பாரில் வீடு வந்து சேர்கிறோம். திண்ணையில் உட்காராமல் உடனே அடுத்த சுற்று. இப்படி முழுதாக ஒரு சுற்று முடிவதைக் 'கோரஸ்' என்பார்கள்.

இந்தப் பாதை குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் மனப்பாடம். அதனால்தான் அறிமுகமே இல்லாத ஐந்து பேர் மேடையேறி, "ப்ளூஸ், எஃப்-ல" (அதாவது எஃப் என்ற சுரத்தை ஆதாரமாக வைத்து) என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்க முடிகிறது. தனியாக வாசிப்பவர், அதாவது சோலோ வாசிப்பவர், எந்தச் சுரத்தை எடுப்பார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஐந்தாவது பாரில் எல்லோரும் பக்கத்துத் தெருவில் இருப்பார்கள் என்பது தெரியும்.

1930களில் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி நகரத்துக் குழுக்கள் இதை ஒரு கலையாகவே வளர்த்தன. கவுன்ட் பேசி என்ற பியானோக்காரரின் குழு அங்கே ரீனோ கிளப் என்ற சிறிய இடத்தில் வாசித்துத்தான் உருவானது. அவர்களிடம் பல பாட்டுகளுக்கு எழுதின தாளே கிடையாது. ஒருவர் ஒரு சிறு துணுக்கை ஊதுவார், பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பதில் ஒன்றைச் சேர்ப்பார், பிடித்துப்போனால் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். இப்படித் தலைக்குள்ளேயே உருவாகி நிற்கும் அமைப்புக்கு 'ஹெட் அரேஞ்ச்மென்ட்' என்று பெயர். 1937இல் அவர்கள் ஒலிப்பதிவு செய்த 'ஒன் ஓ கிளாக் ஜம்ப்' அப்படி வளர்ந்த பாட்டுதான். அதன் அடியில் ஓடுவது இதே பன்னிரண்டு பார் ப்ளூஸ்.

குறைவாக வாசிப்பவர் என்ன செய்கிறார்?

இனி எளிமைக்கு வருவோம். அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

கவுன்ட் பேசியின் பியானோவைக் கேட்டவர்கள், "இவர் வாசிக்கவே மாட்டாரா?" என்று நினைப்பார்கள். இங்கே ஒரு சுரம், அங்கே இரண்டு, அப்புறம் நீண்ட இடைவெளி. ஆனால் அவருக்கு வேகமாக வாசிக்க நன்றாகவே தெரியும். இளம் வயதில் அவர் பழகியது 'ஸ்ட்ரைட்' என்ற பாணி. இடது கை கீழ் சுரத்துக்கும் நடுக் கார்டுக்குமாக ஓயாமல் தாவித் தாவி, ஒரு ஆள் நின்று முழுக் குழுவின் வேலையைச் செய்யும் பாணி அது. அதில் பெரும் புகழ்பெற்ற ஃபேட்ஸ் வாலரிடமே கற்றவர் பேசி.

அப்படியானால் ஏன் விட்டார்? காரணம் அவர் பக்கத்திலேயே நின்றது. அவர் குழுவில் வால்டர் பேஜ் டபுள் பாஸ் என்ற பெரிய தந்திக் கருவியில் கீழ் சுரங்களை ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்றாக நடத்திக்கொண்டு போனார். ஜோ ஜோன்ஸ் டிரம்ஸில் சிம்பல் என்ற உலோகத் தட்டைத் தட்டிக் காலப்பிரமாணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஃப்ரெடி கிரீன் கிட்டாரில் பாருக்கு நான்கு முறை கார்டை மீட்டினார். இடது கை செய்ய வேண்டிய வேலை முழுவதையும் மூன்று பேர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். அதே இடத்தில் பியானோவும் இறங்கினால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைப் பேசுகிற மாதிரி ஒலி கலங்கிப்போகும். பேசி தன் பங்கைக் குறைத்துக்கொண்டார். மிச்சமான அந்தச் சில சுரங்களை எங்கே வைப்பது என்பதில் தன் முழுத் திறமையையும் போட்டார்.

இந்த நால்வரையும் சேர்த்து 'ரிதம் செக்‌ஷன்' என்பார்கள். தாளத்தையும் கார்டையும் தாங்கிப் பிடிக்கும் பகுதி. நம் கச்சேரியின் பக்கவாத்தியத்துக்கு இணையாகச் சொல்லலாம், ஒரு வித்தியாசத்தோடு: இங்கே தனி ஆவர்த்தனம் கிடைக்காமலே வாழ்நாள் முழுவதும் ஓடிவிடலாம். ஃப்ரெடி கிரீன் அப்படித்தான். 1937இல் பேசி குழுவில் சேர்ந்தவர் 1987இல் இறக்கும்வரை ஏறக்குறைய ஐம்பது வருடம் அந்தக் கிட்டாரை மீட்டினார். சோலோ வாசித்தது மிக மிக அபூர்வம். மின்சார ஒலிபெருக்கி இல்லாத கிட்டார். பல நேரம் ஒரு கார்டின் எல்லாச் சுரங்களையும்கூட வாசிக்காமல், நடுத் தந்திகளில் ஒன்றிரண்டை மட்டும் ஒலிக்கவிடுவார். கூட்டத்தில் அந்தக் கிட்டாரைத் தனியாகக் காதில் பிடிப்பதே கஷ்டம். ஆனால் அத்தனை ஊதுகருவிகளும் தைரியமாக மேலே ஏறி இறங்குவதற்கு அந்த நான்கு மீட்டல்தான் தரை.

இதை நான் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ளவில்லை. சில வருடங்கள் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். ஒரு கல்யாண வரவேற்பில் பாட்டின் நடுவில் மின்சாரம் போய்விட்டது. கீபோர்டு, கிட்டார், மைக் எல்லாம் ஒரே நொடியில் ஊமை. மிச்சம் இருந்தது தபலாவும் புல்லாங்குழலும். தபலாக்காரர் வயதில் மூத்தவர், சாதாரணமாக நிறைய உருட்டு, ஃபில் எல்லாம் போட்டு வாசிப்பவர். விளக்கு அணைந்ததும் அவர் செய்த முதல் காரியம் அத்தனையையும் நிறுத்தியது. வெறும் 'தா தின் தின் தா' நடை மட்டும். கொஞ்சம் அழுத்தமாக, மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி. நான்கைந்து சுற்று அப்படியே போனது. இருட்டில் யாருக்கும் யாரும் தெரியவில்லை, ஆனால் 'ஒன்று' எங்கே விழுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அந்த நடைக்கு மேல் புல்லாங்குழல் மெதுவாக நுழைந்தது. பல்லவியை எடுத்து, ஒரு சங்கதி சேர்த்து, திரும்ப எடுத்தார். கூட்டம் கைதட்டித் தாளம் போட ஆரம்பித்தது. மின்சாரம் வர எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்கு நினைவில்லை. வந்தபோது யாரும் அதைக் கொண்டாடவில்லை என்பது நினைவிருக்கிறது.

புல்லாங்குழல்காரர் அன்று புதிதாக வாசித்தார். அவரை அப்படி வாசிக்க வைத்தது தபலாக்காரர் குறைத்துக்கொண்டதுதான். எளிமை அங்கே திறமையின் குறைவு அல்ல. மற்றவருக்காக ஒதுக்கிக் கொடுத்த இடம்.

சுருக்கமாகச் சொன்னால்: ஒருவர் புதிதாக வாசிக்க, மற்றவர்கள் எதிர்பார்த்தபடி வாசிக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் வித்தை காட்டினால் நிற்கத் தரை இருக்காது.

பயிற்சி எதற்கு?

இவ்வளவு எளிமையான சட்டகம், இவ்வளவு குறைவான சுரங்கள் என்றால் பயிற்சி எதற்கு? சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கரின் கதை இதற்கு நல்ல பதில்.

1936இல், பதின்ம வயதுப் பார்க்கர் அதே ரீனோ கிளப்பில் பெரியவர்களோடு சேர்ந்து வாசிக்க மேடையேறினார். நடுவில் தடம் புரண்டு, எந்தப் பாரில் இருக்கிறோம் என்பதை விட்டுவிட்டார். டிரம்ஸில் இருந்த ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் எறிந்து, இறங்கச் சொல்லாமல் சொன்னார். ஊரார் முன்னால் பட்ட அவமானம். அடுத்த கோடையில் அவர் மலைப்பகுதியில் ஒரு ஓய்வு விடுதிக் குழுவில் வேலைக்குப் போனபோது, பேசி குழுவின் சாக்ஸபோன்காரர் லெஸ்டர் யங்கின் ரெக்கார்டுகளையும் எடுத்துக்கொண்டு போய், அவர் வாசித்த சோலோக்களை ஒவ்வொரு சுரமாகப் பழகினார். மூன்று நான்கு வருடம், நாளுக்கு 11 மணி முதல் 15 மணி நேரம்வரை பயிற்சி செய்ததாகப் பிற்பாடு ஒரு வானொலிப் பேட்டியில் சொன்னார். 1940களில் ஜாஸ் இசையின் போக்கையே மாற்றியவர்களில் அவர் முதல் வரிசை.

அந்த மணிநேரங்களில் என்ன நடக்கிறது? சைக்கிள் ஓட்டக் கற்றதை நினைத்துப் பாருங்கள். முதல் வாரம் கவனம் முழுவதும் ஹேண்டில்பாரில். எதிரில் வண்டி வந்தாலும் கண்ணில் படாது. பழகினபின் கை தானாகத் திருப்பும்; கண் தெருவைப் பார்க்கும், பின்னால் உட்கார்ந்திருப்பவரோடு வாய் பேசும். இசையிலும் அதேதான். விரல் எங்கே போக வேண்டும், இப்போது எந்தக் கார்டு, இது எத்தனையாவது பார் என்பதெல்லாம் யோசிக்காமலே நடக்கிற அளவுக்குப் போனால்தான், பக்கத்தில் இருப்பவர் என்ன வாசிக்கிறார் என்று கேட்கக் காது ஓய்வாக இருக்கும். தன் விரலோடு போராடிக்கொண்டிருப்பவரால் மற்றவரைக் கேட்க முடியாது. கேட்காதவரால் குழுவில் அந்த நொடிக்குப் பதில் சொல்ல முடியாது.

பயிற்சி அத்தனையும் மேடையில் வெளியே தெரிய வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பெரும்பகுதி கேட்பதற்கே செலவாகிறது.

கரகரப்ரியா சுரங்களில் ஒன்பது நிமிடம்

சரி, இப்போது ஒரு பாட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாட்களில், நியூயார்க்கில் முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்ற ஆல்பம் பதிவானது. டிரம்பெட்டும் தலைமையும் மைல்ஸ் டேவிஸ். சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும். பியானோ பில் எவன்ஸ். ஒரு பாட்டுக்கு மட்டும் வின்டன் கெல்லி. டபுள் பாஸ் பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஜிம்மி காப். அதன் முதல் பாட்டு 'ஸோ வாட்'.

டேவிஸ் பத்தொன்பது வயதிலேயே பார்க்கர் பக்கத்தில் நின்று ஊதியவர். அந்தக் கால ஜாஸ் பாட்டுகளில் கார்டுகள் பாருக்கு ஒன்று, சில நேரம் இரண்டு என்று மாறிக்கொண்டே இருக்கும். பத்தடிக்கு ஒரு திருப்பம் வரும் சந்துக்குள் ஓடுகிற மாதிரி. திருப்பங்களைத் தவறவிடாமல் ஓடுவதே பெரிய சாமர்த்தியம். டேவிஸ் அந்தச் சந்துகளை விட்டு வெளியே வர நினைத்தார். ஓயாமல் மாறும் கார்டுகளுக்குப் பதிலாக, ஒரே சுர வரிசையை நீண்ட நேரம் வைத்துக்கொண்டு அதற்குள் உலாவுவது. இப்படிப் பயன்படும் சுர வரிசைக்கு 'மோட்' என்று பெயர்.

'ஸோ வாட்' பாட்டில் மொத்தமே இரண்டு இடங்கள்தான். ஒரு கோரஸ் 32 பார். முதல் 16 பார் டி என்ற சுரத்தை ஆதாரமாகக் கொண்ட 'டோரியன்' மோட். அடுத்த 8 பார் அதே வரிசை, ஆனால் அரைச் சுரம், அதாவது பியானோவில் ஒரு கட்டை தள்ளி, மேலே. கடைசி 8 பார் மறுபடி பழைய இடம். டோரியன் நமக்குப் புதிதல்ல. பியானோவில் டி-யிலிருந்து அடுத்த டி வரை வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்துங்கள். டி-யை ஸட்ஜமாக வைத்துக் கேட்டால் கரகரப்ரியாவின் சுரங்கள் அப்படியே வரும். கமகமும் பிடிப்புகளும் இல்லாததால் அது கரகரப்ரியா ராகம் ஆகிவிடாது. சுரக் கட்டுமானம் ஒன்றுதான். நம் கச்சேரியில் நடுவில் சுருதியை அரைச் சுரம் ஏற்றி இறக்கும் வழக்கம் கிடையாது என்பதால், அந்த எட்டு பார் வரும்போது நம் காதுக்கு ஒரு சிலிர்ப்பு கூடுதலாகவே இருக்கும்.

இதை எளிது என்று சொல்வீர்களா? சட்டகம் எளிது. வாசிப்பது எளிதல்ல. சந்தில் ஓடுபவருக்குத் திருப்பங்களே வழி சொல்லும். மணல்வெளியில் எந்தப் பக்கம் போவது என்று சொல்ல ஒன்றுமில்லை. பதினாறு பார் முழுக்க ஏழே சுரங்கள். சொல்ல விஷயம் இல்லாதவர் இரண்டாவது பாரிலேயே மாட்டிக்கொள்வார்.

டேவிஸ் அங்கே என்ன செய்கிறார் என்று கேளுங்கள். ஒரு சிறு வாக்கியம் ஊதுகிறார், நிறுத்துகிறார். அந்த நிறுத்தத்தில் பாஸ் நடந்துகொண்டிருப்பது கேட்கிறது, பியானோ மெல்ல ஒரு பதில் வைக்கிறது. அதைக் கேட்டபின் அடுத்த வாக்கியம். அவருக்குப் பின் கோல்ட்ரேன் அதே 32 பாரில் சுரங்களை அருவியாகக் கொட்டுகிறார். ஆடர்லி ப்ளூஸ் வாசனையோடு குதூகலமாக வருகிறார். எவன்ஸ் தனிச் சுரங்களைவிடக் கார்டுகளையே அள்ளி அள்ளி வைக்கிறார். ஒரே இடம், நான்கு மனிதர்கள். சட்டகம் இவ்வளவு வெறுமையாக இருப்பதால்தான் ஒவ்வொருவரின் குணமும் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

எளிமைதான் உயர்ந்தது, நிறைய வாசிப்பது தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. இதே கோல்ட்ரேன், ஏப்ரல் பதிவு முடிந்த இரண்டே வாரத்தில், மே மாதத் தொடக்கத்தில், 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். வெறும் 16 பார். அதில் பெரும்பாலும் இரண்டு தட்டுக்கு ஒரு கார்டு, அசுர வேகம். சந்துகளிலேயே கடினமான சந்து. இரண்டும் ஒரே மனிதரின் ஒரே வருட வேலை. எங்கே எவ்வளவு என்று அறிந்திருந்தார்.

முதல் தடவையிலேயே பதிவானதா?

இந்த ஆல்பத்தைப் பற்றி ஒரு கதை உலவுகிறது: யாரும் எதையும் தயார் செய்யவில்லை, எல்லாப் பாட்டும் முதல் தடவை வாசித்ததே பதிவாகிவிட்டது என்று. ஆல்பத்தின் உறையில் பில் எவன்ஸ் எழுதிய குறிப்பிலிருந்து வளர்ந்த கதை இது. டேவிஸ் முழு இசையை எழுதாமல் சில குறிப்புகளை மட்டுமே கொண்டுவந்தார், குழு நீண்ட ஒத்திகை பார்க்கவில்லை என்பது வரை சரி. ஆனால் பாதியில் நின்றுபோன முயற்சிகள் உண்டு. 'ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்' பாட்டை முழுதாக இரண்டு முறை வாசித்திருக்கிறார்கள். இன்னொரு வடிவம் பிற்காலப் பதிப்பில் வெளியாகியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இம்ப்ரொவைசேஷன் என்றால் என்ன என்று யாரும் விளக்கவே வேண்டாம். நடை அதே நடை, மோட் அதே மோட், டேவிஸ் முதல் எவன்ஸ் வரை ஊதியதும் தட்டியதும் வேறு.

தப்பான கார்டு

கடைசியாக ஒரு சம்பவம். ஹெர்பி ஹேன்காக் 1963இல் டேவிஸ் குழுவில் பியானோக்காரராகச் சேர்ந்தவர். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு கச்சேரி. அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அதே 'ஸோ வாட்' ஓடிக்கொண்டிருக்கிறது. டேவிஸ் சோலோவின் உச்சத்தில் இருக்கும்போது ஹேன்காக் அப்பட்டமாகத் தப்பான ஒரு கார்டை வைத்துவிட்டார். கையால் காதைப் பொத்திக்கொண்டாராம். டேவிஸ் ஒரு மூச்சு அளவு நிறுத்தினார். பிறகு சில சுரங்களை ஊதினார். அந்தச் சுரங்களோடு சேர்ந்ததும் அந்தக் கார்டு சரியாகிவிட்டது. அவர் அதைத் தப்பு என்று கேட்கவில்லை, நடந்துவிட்ட ஒரு நிகழ்ச்சியாகக் கேட்டார், அதற்கு என்ன பதில் என்று மட்டுமே யோசித்தார் என்பது ஹேன்காக் பிற்பாடு புரிந்துகொண்டது.

அந்த ஒரு மூச்சுக்குள் இந்தக் கட்டுரையில் பார்த்த எல்லாம் இருக்கிறது. பாஸும் டிரம்ஸும் அசையாமல் நடந்துகொண்டிருந்தன. பாட்டின் சட்டகம் எளிமையாக இருந்ததால் அன்னியமான ஒரு கார்டுக்கு உள்ளே நுழைய இடம் இருந்தது. எந்தச் சுரம் அந்தக் கார்டோடு ஒட்டும் என்று கண் இமைக்கும் நேரத்தில் கண்டுபிடிக்க டேவிஸுக்கு இருபது வருடப் பழக்கம் இருந்தது. நிறுத்திக் கேட்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

நீங்களே எண்ணிப் பாருங்கள்

இன்று இரவு ஹெட்போனில் 'ஸோ வாட்' பாட்டைப் போடுங்கள். தொடக்கத்தில் பியானோவும் பாஸும் தாளமில்லாமல் மெல்லப் பேசிக்கொள்ளும். அங்கே எண்ண வேண்டாம். பிறகு பாஸ் ஒரு கேள்வி கேட்கும், பியானோ 'ஸோ... வாட்' என்று இரண்டே கார்டில் பதில் சொல்லும். கொஞ்ச நேரத்தில் ஊதுகருவிகளும் அந்தப் பதிலில் சேர்ந்துகொள்ளும். பாஸ் முதல் கேள்வி கேட்கும் இடத்திலிருந்தே ஆதி தாளம் போடுங்கள். எட்டு ஆவர்த்தனம் கழிந்ததும் மொத்தக் குழுவும் அரைச் சுரம் மேலே ஏறும். நான்கு ஆவர்த்தனம் மேலே, நான்கு கீழே. ஒரு சுற்று முடிந்தது, ஏறக்குறைய ஒரு நிமிடம்.

அந்த இடத்தில் ஜிம்மி காப் சிம்பலை ஒரே ஒரு அடி அடிப்பார். கொஞ்சம் பலமாக அடித்துவிட்டோமோ என்று அவருக்கே அப்போது தோன்றியதாகச் சொல்லியிருக்கிறார். அது அதிர்ந்து அதிர்ந்து அடங்குகிற நேரத்தில் டேவிஸின் டிரம்பெட் உள்ளே வருகிறது. தாளத்தை விடாதீர்கள். அவர் எங்கெல்லாம் ஊதாமல் இருக்கிறார் என்று மட்டும் பாருங்கள்.